இரண்டு கார், ஒரு நல்ல ஸ்டியரிங்

"மாஸ்டர், நாலு வருஷமாத் தேடுறேன். எங்கயும் கிடைக்கல."

கனகரூபி ஜாக்கியை இறக்கிக்கொண்டே கேட்டாள். "சென்னையில?"

"இல்லங்கிறாங்க."

"கோயம்புத்தூர்ல?"

"சிரிக்கிறாங்க."

நல்லபெருமாளுக்கு அறுபத்து மூன்று வயது. பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவிலில் கனகரூபியின் ஒர்க்‌ஷாப்புக்கு வேலை கற்றுக்கொள்ள வந்தார். அவளுக்கு முப்பத்தாறு. முதல் நாளே அவளை மாஸ்டர் என்று கூப்பிட்டார்.

அவரிடம் ஐம்பத்திரண்டாம் வருஷத்துக் கார் ஒன்று இருந்தது. அதன் ஸ்டியரிங் பாக்ஸில் பற்சக்கரத்தின் பல் தேய்ந்துவிட்டது. ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரம் அசையும்.

"வேற பாக்ஸ் கிடைக்கலேன்னா என்ன பண்றது மாஸ்டர்?"

"கிடைக்கிற வரைக்கும் ஓட்டாதீங்க."

இரண்டு மாதம் கழித்து, கோணியில் சுற்றி ஒரு ஸ்டியரிங் பாக்ஸைக் கொண்டுவந்தார். பல் தேயாமல் இருந்தது.

"எங்க சார் கிடைச்சது?"

"மதுரையில. ஒரு பழைய இரும்புக் கடையில."

அவள் கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கினாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அன்று முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

"நாலு வருஷம் தேடிக் கண்டுபிடிச்சிருக்காரு சார். பொறுமைன்னா அது."

ஒவ்வொரு முறையும் நல்லபெருமாள் ஏதாவது வேலை இருப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

அவர் மதுரைக்குப் போகவே இல்லை.

அதே மாடல் கார் ஊரில் இன்னொன்று உண்டு. அவருடைய நண்பர் ஞானதாஸின் கார். ஞானதாஸ் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். வாரம் ஒருமுறை எஞ்சினை ஓட்டி வைக்கச் சொல்லி ஷெட் சாவியை இவரிடம் கொடுத்திருந்தார். இவர் நல்லதைக் கழற்றிக்கொண்டு, தேய்ந்ததை அதில் மாட்டிவிட்டார். இனி அதை யார் ஓட்டப்போகிறார்கள் என்று நினைத்தார்.

தை மாதம் ஒரு காலை, ஞானதாஸின் மகள் ஷெர்லின் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள்.

"மாமா, நீங்களும் இங்கதானா! அப்பாவுக்குக் கடல் பாக்கணுமாம். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் ஏத்திக்கிட்டு முட்டம் வரைக்கும் போலாம்னு இருக்கேன். ஸ்டியரிங் மட்டும் கொஞ்சம் லூசா இருக்க மாதிரி இருக்கு. எனக்குப் பழக்கமில்லையோ என்னவோ."

"பழைய வண்டின்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் நல்லபெருமாள்.

சொன்ன பிறகு அவருக்கே தன் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை.

கனகரூபி விளக்கை அவர் கையில் கொடுத்தாள்.

"சார் பாக்கட்டும். ஸ்டியரிங்ல சார் சொன்னாப் போதும். நான் வேற பாக்க வேண்டாம்."

அவர் காருக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. முகத்துக்கு மேலே அவருடைய தேய்ந்த பாக்ஸ் இருந்தது. ஆனாலும் வெளியே வர முடியவில்லை.

ஷெர்லின் போனில் பேசுவது கேட்டது.

"ஆமாப்பா. பெருமாள் மாமாவேதான் பாக்குறாங்க. நீங்க கவலைப்படாதீங்க."

அவர் முதுகெல்லாம் மண்ணோடு வெளியே வந்தார்.

"இத ஓட்டக்கூடாது."

"ஏன் மாமா?"

"இதுல இருக்கிறது என்னோட பாக்ஸ். உங்களோடது என் வண்டில இருக்கு. நான்தான் மாத்துனேன்."

ஷெர்லின் காரின் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு நாளா பிள்ளைங்கள ஸ்கூல்ல இதுலதான் மாமா விடுறேன்" என்றாள்.

சாவியைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். பாக்ஸ்களைத் திரும்ப மாற்றக் கழற்றினார்கள். மத்தியானம் வரைக்கும் கனகரூபி ஸ்பேனர் நம்பர் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

நல்லபெருமாளால் பொறுக்க முடியவில்லை.

"மாஸ்டர், உங்களுக்கு முன்னாடியே தெரியும். என் வாயால வரட்டும்னுதான் என்னப் பாக்கச் சொன்னீங்க. அப்படித்தானே?"

அவள் நட்டை முறுக்குவதை நிறுத்தினாள்.

"தெரியாது சார்" என்றாள். "நல்லா இருக்குன்னு நீங்க சொல்லியிருந்தா, சாவியக் குடுத்து அனுப்பியிருப்பேன்."