கோப்புப் பெயருக்குக் காவல் வந்த கதை

கருவிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஒரு கணினிக்குள் பேர்சொல்லியும் அழிப்பானும் அக்கம்பக்கமாகக் குடியிருந்தார்கள். ஆட்கள் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் இருவரும் எழுந்து வேலை செய்வார்கள். உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களைத் திரையில் எழுதிக் காட்டுவது பேர்சொல்லியின் வேலை. சொன்ன கோப்பை அழிப்பது அழிப்பானின் வேலை. அவன் அழித்தது திரும்பி வராது.

அப்போதெல்லாம் கோப்புகளுக்கு ஒற்றைச் சொல்லில்தான் பெயர் வைப்பார்கள். அதனால் இடைவெளி வந்தால் ஒரு பெயர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே கருவிகள் எடுத்துக்கொண்டன.

அந்தக் கணினியில் வேலை செய்தவள் மெஹருன்னிசா. பறவைகளின் குரலைப் பதிவு செய்வது அவள் தொழில். பாலைவனத்தில் பல நாள் காத்துக் கிடந்து, அழிந்துகொண்டிருந்த கானமயிலின் குரலைப் பிடித்து வந்திருந்தாள். அந்தப் பதிவுக்குக் கானமயில் என்று பெயர் வைத்தாள். காற்றின் இரைச்சல் புகுந்து கெட்டுப்போன இன்னொரு பதிவுக்கு, பேசுகிற வாக்கிலேயே கானமயில் காற்று என்று வைத்துவிட்டாள்.

ஒரு நாள் கணினியில் இடம் போதவில்லை. கெட்ட பதிவை எடுத்துவிடலாம் என்று பேர்சொல்லியைக் கூப்பிட்டாள். பேர்சொல்லி எழுதிக் காட்டிய கானமயில் காற்று என்ற பெயரை அப்படியே நகலெடுத்து அழிப்பானிடம் கொடுத்தாள். அவனுக்கு அது இரண்டு பெயராகப் பட்டது. முதலில் கானமயிலைக் கையில் எடுத்தான். அந்தக் கோப்புக்குப் பூட்டு போட்டிருந்தது. பூட்டிய கோப்பைக் கேட்காமல் அழிக்க அவனுக்கு அனுமதி இல்லை.

"கானமயில் பூட்டியிருக்கிறது. அழித்துவிடவா?" என்று திரையில் கேட்டான்.

ஆம் என்று தட்டப் போன மெஹருன்னிசாவின் விரல், பெயரைப் படித்ததும் நின்றது. வேண்டாம் என்று தட்டினாள். அடுத்து, காற்று என்று இங்கே எந்தக் கோப்பும் இல்லை என்றான் அழிப்பான். அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. உடனே பதிவை ஓடவிட்டாள். ஆழத்திலிருந்து எழும் அந்தக் குரல் முழுசாக இருந்தது.

உடன் வேலை பார்த்த துரைசிங்கத்திடம், "நீங்களா அண்ணே பூட்டினீங்க?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. வேற எங்கயும் நகல் இல்லையேன்னு பயமா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

உள்ளே பேர்சொல்லிக்கு மனசு ஆறவில்லை. நான் எழுதியதை நம்பித்தானே அந்தப் பெண் எடுத்துக் கொடுத்தாள் என்று புலம்பினாள். பெயரில் இடைவெளி கூடாது என்று சட்டம் போட்டுவிடலாம் என்றான் அழிப்பான். ஆட்கள் பேசுகிற மாதிரிதான் பெயர் வைப்பார்கள், அதைத் தடுக்க நாம் யார் என்று அவள் மறுத்துவிட்டாள். யோசித்து யோசித்து, திரையில் எழுதிக் காட்டும்போது பெயரின் தலைமாட்டில் ஒரு மேற்கோள் குறியும் கால்மாட்டில் ஒன்றும் வைத்தாள்.

"இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை இடைவெளி இருந்தாலும் அது ஒரே பெயர். வெட்டாதே," என்றாள்.

"வெட்டமாட்டேன்," என்றான் அழிப்பான். அவனும் அன்றைக்குத்தான் நிம்மதியாகப் படுத்தான்.

மறுநாள் குறிகளைப் பார்த்த மெஹருன்னிசா, யாரோ பெயரை மாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தாள். கோப்பைத் திறந்து பார்த்தால் பெயர் பழையபடியே இருந்தது. குறிகளோடு சேர்த்து நகலெடுத்துக் கொடுத்தாள். காற்று புகுந்த பதிவு மட்டும் போயிற்று.

அன்று முதல்தான், பெயருக்குள் இடைவெளி இருந்தால் கருவிகள் அதை மேற்கோள் குறிகளுக்குள் வைத்துத் திரையில் காட்டுகின்றன. ஒற்றைச் சொல் பெயர்கள் மட்டும் இன்றும் காவலின்றித் திரிகின்றன.