நாற்பது நாவல் கரடி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லும் நீங்கள் பார்க்கப் பார்க்க இப்போதே உதிரட்டும்!

மலைக்காட்டில் ஒரு குளம். கரையில் ஓர் இலுப்பை மரம். அது தும்பன் என்ற கரடிக்குச் சொந்தம். பூ உதிரும் காலத்தில் ஓர் அணிலைக்கூடக் கிட்டே விடமாட்டான்.

ஒரு சித்திரையில் நூலக வண்டி ஒன்று மலைப்பாதை வளைவில் குலுங்கி, ஒரு மரப்பெட்டியைத் தவறவிட்டுப் போனது. பெட்டி உருண்டு உருண்டு தும்பன் காலடியில் வந்து நின்றது. உள்ளே நாற்பது நாவல்கள். எல்லாம் புத்தம் புதுசு, மை வாசனைகூடப் போகவில்லை.

மழைக்காலம் வருவதற்குள் நாற்பதையும் வாசித்து முடிக்கப்போவதாகத் தும்பன் காடு முழுக்கச் சொல்லித் திரிந்தான். குருவாயி என்ற மந்தி, இருப்பதிலேயே ஒல்லியான ஒன்றை இரவல் கேட்டாள். கணக்கு முப்பத்தொன்பதாகிவிடும், திட்டம் கெட்டுவிடும் என்று தும்பன் மறுத்துவிட்டான். அவளுக்குச் சுருக்கென்றது.

"அண்ணே, நாற்பது வேண்டாம். முதல் மழையன்று ஒரே ஒரு கதையை முடிவோடு சொல்லுங்க. சொல்லாவிட்டால் இலுப்பை மரம் எனக்கு."

"ஒன்றா? என்னை அவமானப்படுத்தாதே. நாற்பதையும் சொல்கிறேன்."

மறுநாளே திட்டம் ஆரம்பமானது. ஒரு வாரம் பாறையில் கரியால் அட்டவணை போட்டான். ஒரு வாரம் அடையாளம் வைக்க மயிலிறகு பொறுக்கினான், நாற்பது! தடிமன் வாரியாகப் புத்தகங்களை அடுக்கினான். பிடிக்காமல் நிறம் வாரியாக அடுக்கினான். அட்டையில் தூசு படாமலிருக்க எல்லாவற்றையும் ஒரே அடுக்காகப் பரப்பிக் குப்புறக் கவிழ்த்துப் பெட்டியை மூடினான். பிறகு படுத்து வாசிக்கத் தோதான பாறையைத் தேடிப் போனான். ஒன்று சுட்டது, ஒன்று குத்தியது, ஒன்றில் ஏற்கெனவே முதலை படுத்திருந்தது.

இப்படியே வைகாசியும் போய்விட்டது. தினம் ஒன்று என்றிருந்த அட்டவணை தினம் நான்கு என்றானது. மேற்கே மேகம் கறுத்த அன்று பெட்டியைத் திறந்தான்.

உள்ளே புத்தகமில்லை. மண்ணும் கறையானும்தான் இருந்தன. கறையானைக் கண்டால் கரடி என்ன செய்யும்? பழக்கதோஷத்தில் மூக்கை வைத்து ஒரே உறிஞ்சு. மேலே இருந்தவை அத்தனையும் உள்ளே போய்விட்டன.

அடியிலிருந்து ஒரு கறையான் கத்தியது. "நிறுத்துங்கண்ணே! கதையெல்லாம் எங்க வயிற்றில் இருக்கிறது."

தும்பனுக்கு உயிர் வந்தது. மரம் தப்பியது என்று நினைத்துக் காதைக் கொடுத்தான். அவனவன் தின்ற பக்கத்தை அவனவன் ஒப்பித்தான். கதாநாயகி ரயில் ஏறினாள் என்றான் ஒருவன். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார் என்றான் இன்னொருவன். அதற்குள் சட்னி தீர்ந்துவிட்டது என்றான் மூன்றாமவன்.

"போதும், போதும். கடைசிப் பக்கம் தின்றவன் யார்?"

கறையான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தீங்களேண்ணே. கடைசிப் பக்கக்காரர்கள் எல்லாரும் மேலேதான் இருந்தார்கள்."

தும்பன் மெதுவாகத் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான்.

அன்று மாலையே மழை கொட்டியது. காடே தேக்கிலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு குளக்கரையில் கூடியது. தும்பன் ரயிலைச் சொன்னான், டாக்டரைச் சொன்னான், சட்னியையும் விடவில்லை. அப்புறம் என்ன ஆச்சு என்று யானை கேட்டது.

"நாற்பது முடிவும் எனக்குள்தான் இருக்கிறது. ஒன்றுகூடத் தெரியவில்லை" என்று தும்பன் அழுதேவிட்டான்.

காடு சிரித்த சிரிப்பில் இலுப்பைப் பூ பொலபொலவென்று உதிர்ந்தது. அத்தனையையும் மடியில் அள்ளிக்கொண்டு குருவாயி மரத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

நாற்பது புத்தகத்துக்குத் திட்டம் போட்டவன் அல்ல, ஒரு புத்தகத்தில் முதல் பக்கத்தைப் புரட்டியவனே வாசகன்.

யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். தும்பன் இப்போது கையில் கிடைப்பதையெல்லாம் வாசிக்கிறானாம்!