நிலைப்படி தாண்டிய அரிசி

பொதிகை அடிவாரத்து மடம் ஒன்றில் உலகம்மை என்றொரு சிஷ்யை இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். மடத்து அடுக்களை அவள் கையில் இருந்தது. அந்தக் கைக்குத்தான் நடுக்குவாதம் வந்தது. டாக்டர் அதைப் பார்க்கின்சன் என்றார்.

மாத்திரை கொடுத்தார். நடுக்கம் அடங்கியது. கல்லாக இறுகியிருந்த முகம் இளகிப் பழைய சிரிப்பும் திரும்பியது. மடமே சந்தோஷப்பட்டது. உலகம்மைக்கு மட்டும் அன்றோடு தூக்கம் போனது.

ஒரு காலையில் மாத்திரையைப் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டு, குரு சிவஞானத்தம்மா முன்னால் போய் நின்றாள்.

“அம்மா, இனிமே இதைப் போட மாட்டேன்.”

“ஏன்?”

“போட்டா சிரிக்கேன். சாமி முன்னால கண்ணு கலங்குது. போடலேன்னா மரக்கட்டையா நிக்கேன். அப்போ சிரிக்கது நானா, மாத்திரையா?”

அம்மா வாய் திறப்பதற்குள் வெளியே குரல் கேட்டது. பக்கத்து ஊர் சுடலைமுத்து, தூக்குவாளி நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்திருந்தார். உலகம்மை காலை இழுத்து இழுத்துப் போய் அடுக்களை நிலைப்படியை மறித்து நின்றாள்.

“வெளியில ஆக்கின சோறு இந்தப் படியைத் தாண்டாது. தெரியாதா அண்ணாச்சி? அரிசியாக் கொண்டாங்க.”

போனவர் அரிசியும் வெல்லமுமாகத் திரும்பி வந்தார். கூடவே அவர் மனைவி.

“இவுகளைத் தனியா விட்டா வழியிலயே கல்லைக் கூட்டி ஆக்கி, போறவன் வாறவனுக்கெல்லாம் போட்டுட்டு வெறும் பையோட வந்து நிப்பாக. அதான் காவலுக்கு வந்தேன்.”

உலகம்மை உலை வைத்தாள். கை நடுங்கியதில் வெல்லம் பாதி தரையில் விழுந்தது. ஆனாலும் பொங்கல் மணத்தது.

அம்மா ஒரு வாய் சாப்பிட்டார்.

“யாரு ஆக்கினது?”

“நான்தான்.”

“சுடலைமுத்து இல்லையா?”

“அவரு அரிசிதானே கொண்டாந்தாரு!” உலகம்மைக்கு ரோஷம் வந்துவிட்டது.

“டாக்டர் பேசும்போது நீ கவலைப்பட்டுக்கிட்டு இருந்தே. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். உன் மூளையில ஒரு சத்து குறைஞ்சு போச்சு. அந்தச் சத்தை அப்படியே கொடுத்தா மூளை உள்ளே விடாது. மாத்திரையில இருக்கது வெறும் அரிசி. உள்ளே போன பிறகு மூளைதான் அதை ஆக்கிக்கிடுது.”

“கூட இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்குன்னாரே?”

“அது சுடலைமுத்து பொண்டாட்டி. வழியில ஆக்கிடாமக் காவலுக்கு வருது.”

உலகம்மை யோசித்தாள். கவலை விடவில்லை.

“மூளையில அதை ஆக்குத அடுப்புல பாதிக்கு மேல அணைஞ்சு போச்சுன்னும் சொன்னாரேம்மா.”

“மிச்சம் எரியுதுல்லா. ஏட்டி உலகம்மை, அரிசி வந்து வாசல்ல நிக்குது. மறிச்சுக்கிட்டு நிக்காம வழியை விடு.”

நிலைப்படியை மறித்தே இத்தனை காலம் பேர் வாங்கியவள் அவள். தன்னை நினைத்து அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இறுகிய கன்னம் சரியாக இடம் கொடுக்கவில்லை. தோள்தான் குலுங்கியது. குலுங்கக் குலுங்க முடிச்சை அவிழ்த்து, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

“இது வேலை செய்ய அரைமணி ஆகும்மா.”

“ஆகட்டும். இப்போ சிரிச்சது யாரு?”