ஏரியைப் பையில் தூக்கிப் போன வெள்ளாயி

ஒரு காட்டின் நடுவே ஏரி ஒன்று இருந்தது. அதில் கட்டைக்கொம்பன் என்னும் எருமை கிடந்தான். சேறு இருந்தால் அவனுக்கு ராஜ வாழ்க்கை. சேறு காய்ந்தால் கண்ணில் பட்டவரையெல்லாம் திட்டுவான்.

ஐப்பசியில் மழை கொட்டும், ஏரி நிரம்பும், மீன் துள்ளும். அந்த மீனைத் தேடிக் கூழைக்கடாக்கள் வந்து இறங்கும். கூழைக்கடா தெரியுமல்லவா, குழந்தைகளே? அலகுக்கு அடியில் பெரிய பையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரியுமே, அந்தப் பறவைதான். மரத்தில் கூடு கட்டும், குஞ்சு பொரிக்கும். பங்குனி வெயிலில் ஏரி வற்றி மீன் குறைந்ததும், தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்துப் பறந்துவிடும்.

இதை வருடா வருடம் பார்த்த கட்டைக்கொம்பனுக்கு, ஒரு பங்குனியில் திடீரென்று அறிவு வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம்.

“பறவை வந்தால் தண்ணீர் வருகிறது. பறவை போனால் தண்ணீரும் போகிறது. தாடையிலோ பை. ஏரியைத் திருடுவது யாரென்று இப்போதல்லவா தெரிகிறது” என்றான். ஏரியில் மிச்சமிருந்த ஒரே குட்டையின் குறுக்கே போய்ப் படுத்துக்கொண்டான்.

மற்ற கூழைக்கடாக்கள் கிளம்பிப் போயிருந்தன. வெள்ளாயி என்பவள் மட்டும் பாக்கி. அவள் குஞ்சுகள் தாமதமாகப் பொரித்தவை. தண்ணீர்மேல் தடதடவென்று ஓடினால்தான் அவற்றால் எழும்ப முடியும். ஓடுவதற்கு இருந்த ஒரே இடத்தில் எருமை கிடந்தான். மீனும் தீர்ந்துவிட்டது. வெள்ளாயி அவன் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, கொஞ்சம் எழுந்து வழி விடுங்கள். பிள்ளைகள் பட்டினி.”

“ஏரியைத் திருப்பிக் கொடு, எழுந்திருக்கிறேன்.”

“நான் எங்கே எடுத்தேன்? வெயில் அல்லவா குடித்தது?”

“வெயிலுக்கு ஏது வாய்? உனக்குத்தான் பையே இருக்கிறது.”

வெள்ளாயி அலகை அகலத் திறந்து காட்டினாள். கட்டைக்கொம்பன் தலையை உள்ளேயே விட்டுப் பார்த்தான்.

“காலி. எங்கேயோ ஒளித்துவிட்டாய்” என்றான்.

வெயில் காலம், மழைக் காலம் என்று அவளும் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தாள். எருமைமாட்டின் மேல் மழை பெய்த கதைதான். அதற்குள் சின்னக் குஞ்சு பசியில் தலை தொங்கிச் சரிந்தது. அதைப் பார்த்ததும் வெள்ளாயி நியாயத்தை மூட்டை கட்டி வைத்தாள்.

“சரி அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். ஏரியை நான்தான் எடுத்தேன். வடக்கே என் தங்கை வீட்டில் இருக்கிறது. என்னைப் போக விட்டால்தானே கொண்டு வர முடியும்?”

“அப்படி வழிக்கு வா. எப்போது தருவாய்?”

“ஐப்பசியில்.”

கட்டைக்கொம்பன் எழுந்தான். குஞ்சுகள் தண்ணீர்மேல் ஓடி, தடுமாறி, எழும்பிப் பறந்தன. வெள்ளாயியும் பின்னாலேயே பறந்தாள்.

ஐப்பசி பிறந்தது. முதல் மழையில் ஏரி பாதி நிரம்பியிருந்தது. நெடுந்தூரம் பறந்த களைப்போடு வெள்ளாயி வந்து இறங்கினாள். கரையிலேயே நின்றிருந்தான் கட்டைக்கொம்பன்.

“பாதிதான் இருக்கிறது. மீதி எங்கே?”

“மழை இன்னும் வரும் அண்ணே.”

“மழையை யார் கேட்டார்கள்? உன் தங்கை வீட்டில் இருப்பதைக் கொண்டு வந்து ஊற்று. அதுவரை நீ கூடு கட்டக் கூடாது. கட்டினால் மரத்தை முட்டிச் சாய்ப்பேன்.”

“எனக்குத் தங்கையே கிடையாது அண்ணே. அன்றைக்குச் சொன்னது பொய்.”

“சேச்சே, அப்படிச் சொல்லாதே. இந்தக் காட்டிலேயே உண்மை பேசுகிறவள் நீ ஒருத்திதான். நீயே வாய்விட்டு ஒப்புக்கொண்டாயே” என்றான் கட்டைக்கொம்பன்.

வேறு வழி? வெள்ளாயி மேற்குக் கரைக்குப் பறந்து, அதே ஏரியின் தண்ணீரைப் பை நிறைய மொண்டு வந்து, கிழக்குக் கரையில் அவன் முன்னால் கொட்டினாள். தினமும் கொட்டினாள். “இன்னும் கொஞ்சம்” என்று அவனும் சேற்றில் சாய்ந்தபடி தலையாட்டினான்.

கார்த்திகை அடைமழையில் ஏரி தளும்பிய பிறகுதான் அவளை விட்டான். அதற்குள் மற்ற கூழைக்கடாக்கள் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தன. வெள்ளாயி அன்றுதான் முதல் சுள்ளியைப் பொறுக்கப் போனாள். இந்த வருடமும் அவள் குஞ்சுகள்தான் கடைசி.

நீதி: பொய் சொல்லி மூடனிடமிருந்து தப்பலாம், அவன் நம்பிவிட்ட பொய்யிடமிருந்து தப்ப முடியாது.