மேஜர் நப்பின்னையின் தாகம்

எங்கள் முகாமில் மேஜர் நப்பின்னையிடம் கேள்வி கேட்க எல்லோருக்கும் பயம். திட்டுவார் என்பதற்காக இல்லை. பதில் சொல்கிறேன் பேர்வழி என்று நம்மை எங்கேயாவது கிளப்பி விட்டுவிடுவார். அப்புறம் வெயிலில் அலைய வேண்டியதுதான்.

கேப்டன் திருமேனிக்கு அந்தப் பயம் கிடையாது. அவருக்கு இருந்த பயம் வேறு.

மீட்பு ஹெலிகாப்டர் பிரிவுக்கு ஆள் எடுக்கிற தேர்வில் போன வருஷம் அவர் தோற்றுப் போயிருந்தார். இந்த வருஷமும் போனால் வயசு தாண்டிவிடும். மேஜர் அவரைவிட வயசில் சின்னவர். ஆனால் அந்தத் தேர்வில் தேறி, அந்தப் பிரிவில் பறந்துவிட்டு வந்தவர். எனக்குப் பயிற்சி கொடுங்கள் என்று அவர் முன்னால் போய் நின்றார் திருமேனி.

நான் ஹவில்தார் மிக்கேல். மருந்துப் பெட்டியும் ஜீப்பும் என் பொறுப்பு. இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான்தான்.

"அந்தப் பிரிவுக்கு எதுக்குப் போகணும்?" என்று மேஜர் முதல் நாளே கேட்டார்.

"வெள்ளத்தப்போ நான் ஹெலிகாப்டர்லேருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டேன் மேடம். ஒரு மொட்டைமாடியில நின்ன அம்மா பொட்டலத்தை எடுக்கவே இல்ல. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாங்க. என்கிட்ட கயிறும் இல்ல, இறங்க ஆளும் இல்ல. பொட்டலம் போட்டது போதும். ஆளைத் தூக்கணும்."

மறுநாளிலிருந்து பயிற்சி ஆரம்பித்தது.

மனுஷன் பேய் மாதிரி உழைத்தார். ஓடினார், நீந்தினார், வரைபடங்களை மனப்பாடம் செய்தார். சாப்பிடும்போதுகூட வாய்க்குள் ஏதோ திசையும் தூரமும் முனகிக்கொண்டே இருப்பார். தேர்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் டீ குடிக்கையில் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"போன தடவை எதுல கோட்டை விட்டேன்னு எனக்கு இன்னும் விளங்கல மேடம். ஒரு கண்மாயைப் படத்துல குறிச்சுக் கொடுத்து, அதுக்கு மேலே பறந்து போகச் சொன்னாங்க. போனேன். பக்கத்துல இருந்த தேர்வாளர் 'இதுதானா?'ன்னு கேட்டார். 'இதுதான்'னேன். திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் விடாம அதையே சொன்னேன்."

"அப்புறம்?"

"அது பக்கத்துக் கண்மாய். இந்தச் சீமையில மேலேயிருந்து பார்த்தா எல்லாக் கண்மாயும் ஒரே ஜாடை மேடம். ஒரு கண்மாய் தள்ளி நின்னதுக்கா ஒருத்தனை வீட்டுக்கு அனுப்புவாங்க? நான் இன்னும் எதைப் பழகணும்? அதை மட்டும் சொல்லுங்க."

மேஜர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு நான் உங்க கையாலதான் தண்ணி குடிப்பேன். அதுவரைக்கும் குடிக்க மாட்டேன்."

போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் திருமேனியிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்தார். அதில் ஒரு கண்மாயைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்.

"நான் இங்கே அடிபட்டுக் கிடப்பேன். என்கிட்ட தண்ணி இருக்காது, போன் இருக்காது. நீங்க யாரையும் வழி கேட்கக் கூடாது. ஊர்ப் பலகையைப் படிக்கக் கூடாது. வானத்துல ஏது பலகை?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "மிக்கேல், அவர் சொல்ற பக்கம் திருப்புங்க. வண்டி ஒரே வேகத்துல போகணும். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

இதைச் சொல்லிவிட்டு யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போயேவிட்டார். பங்குனி வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது.

ரயில்வே கேட் வரைக்கும் திருமேனி அருமையாகத்தான் வந்தார். மேஜர் சொல்லிக்கொடுத்த வரிசை அது: முதலில் கடிகாரம், அடுத்து வரைபடம், கடைசியில்தான் தரை. இவ்வளவு நேரம் வந்திருக்கிறோம், ஆகவே வரைபடத்தில் இந்த இடம், ஆகவே வெளியே இது தெரிய வேண்டும். அப்படித்தான் பார்க்க வேண்டும்.

கேட்டைத் தாண்டியதும் தூரத்தில் ஒரு கரை தெரிந்தது. அவ்வளவுதான். கடிகாரம் மறந்து போயிற்று.

"அதோ! அதேதான் மிக்கேல், விடுங்க வண்டியை!"

போய் இறங்கினோம். வறண்ட கண்மாய். மடை இருந்தது, பனை இருந்தது, ஐயனார் இருந்தார். மேஜரைத்தான் காணோம்.

"ஒளிஞ்சிருக்காங்க. இதுவும் சோதனைதான்," என்றார் திருமேனி.

கரை நெடுக 'மேடம், மேடம்' என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். நானும் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். வரைபடத்தை எட்டிப் பார்த்தேன். அதில் கோயில் கரைக்கு வடக்கே இருந்தது. இங்கே ஐயனார் தெற்கே உட்கார்ந்திருந்தார். விரலால் தொட்டுக் காட்டினேன். பேசத்தானே கூடாது?

"பழைய படம் மிக்கேல். கோயிலைப் புதுசா இந்தப் பக்கம் கட்டியிருப்பாங்க."

ஐயனாரின் குதிரையில் கால்வாசி இடிந்து விழுந்திருந்தது. அது புதுக்கோயிலாம்! நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வரைபடத்தில் கண்மாயை ஒட்டி ஓர் ஓடை இருந்தது. இங்கே இல்லை. "தூர்ந்து போயிருக்கும்," என்றார். இரண்டு பாதை பிரிய வேண்டிய இடத்தில் ஒரு பாதைதான் இருந்தது. "உழுதுட்டாங்க," என்றார். ஒரு படம் பொய் என்று காட்ட ஒரு மனுஷன் எவ்வளவு கஷ்டப்படுகிறார் என்று பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் வந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கிட்டே வந்தார். "யாரைத் தேடுறீக? இது எந்த ஊருன்னா..."

"சொல்லாதீங்க!" என்று திருமேனி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக நான் நின்றேன்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நாக்கு ஒட்டிக்கொண்டது. திருமேனி ஜீப்பிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தார். வாய் வரைக்கும் கொண்டு போனவர் அப்படியே நின்றார்.

"மேடம் நேத்து சாயங்காலத்துலேருந்து குடிக்கல மிக்கேல்."

பாட்டிலை மூடினார். வரைபடத்தைப் பார்த்தார். கோயிலைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"இது அந்தக் கண்மாய் இல்ல. எனக்கு வழி தப்பிப் போச்சு. நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியல!"

கத்தியே சொல்லிவிட்டார். ஆடுகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"கடைசியா எது நிச்சயம்? ரயில்வே கேட் நிச்சயம். அங்க போங்க."

கேட்டுக்குத் திரும்பினோம். கடிகாரத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு தலையைத் தூக்கினார். வழியில் இன்னும் ஒரு கண்மாய் அச்சு அசலாக அதே ஜாடையில் குறுக்கே வந்தது. "இது இல்ல, நேரம் ஆகல, போங்க," என்றார். அவர் குரலில் பதற்றமே இல்லை.

மேஜர் ஒரு கருவேல மரத்தடியில், காலில் துணி சுற்றிக்கொண்டு கிடந்தார். அந்த மரத்தில் நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. உதடு வெடித்து, முகம் கருத்துப் போயிருந்தது. திருமேனி ஓடிப்போய் அவர் தலையைத் தாங்கி, பாட்டிலை வாயில் வைத்தார். மேஜர் அவசரப்படாமல் மடக்கு மடக்காகக் குடித்தார்.

"ரொம்ப லேட் ஆயிடுச்சு மேடம்."

"ஆமா."

"வேற கண்மாய்ல நின்னுக்கிட்டு இதுதான்னு சாதிச்சேன். கோயிலைக்கூட மாத்திக் கட்டினேன்."

"அப்புறம்?"

"வழி தப்பிட்டேன்னு சொன்னேன்."

"யார்கிட்ட?"

"மிக்கேல்கிட்ட."

மேஜர் என்னைப் பார்த்தார். இனி வாயைத் திறக்கலாம் என்று எனக்குத் தோன்றிற்று.

"ஆடு மேய்க்கிறவருக்கும் கேட்டுச்சு மேடம்," என்றேன்.

மேஜர் சிரித்தார். வெடித்த உதடு வலித்திருக்க வேண்டும், சட்டென்று நிறுத்திக்கொண்டார். திருமேனிக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குத் தேர்வுதான் கண்முன்னால் நின்றது.

"பக்கத்துல தேர்வாளர் உட்கார்ந்திருக்கும்போது வழி தப்பிட்டேன்னு சொன்னா மார்க் போயிடுமே மேடம்?"

"போகும்."

மேஜர் பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்தார். அதை மூடித் திருமேனியின் கையில் கொடுத்தார்.

"எனக்குத் தண்ணி வந்துச்சுல்ல?"