விளக்கடியில் தூங்கிய மரம்

மரமும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எல்லா மரங்களும் இரவில் தூங்கின. வேம்பு, புங்கை, அரசு என்று எந்த மரமானாலும் பொழுது சாய்ந்ததும் இலைகளை மடித்துக்கொள்ளும். விடிந்த பிறகுதான் விரிக்கும். தூங்குகிற மரத்தில் ஏறக்கூடாது, அதில் பூப் பறிக்கக்கூடாது என்று மனிதர்களும் அதை மதித்து நடந்தார்கள்.

முத்தேரிப்பட்டணத்தின் தலைவர் செங்கோடன். அவருடைய தம்பியை ஓர் அமாவாசை இருட்டில், கடைத்தெருவிலேயே, திருடர்கள் குத்திக் கொன்றுவிட்டார்கள். முகம் தெரியாததால் ஒருவனும் பிடிபடவில்லை. தம்பியின் சிதைக்கு முன்னால் நின்று, "இனி என் ஊரில் இருட்டே இருக்காது" என்றார் செங்கோடன். சொன்னதைச் செய்கிற மனிதர் அவர். தெருவுக்குத் தெரு பெரிய எண்ணெய் விளக்குகள் வந்தன. கம்பம் நட முடியாத இடங்களில் மரக்கிளைகளிலேயே தொங்கவிட்டார்கள். பொழுது சாய்வதற்கு முன்பே ஏற்றிவிடுவார்கள். விடியும்வரை எரியும்.

மரங்களுக்கு முதலில் ஒரே கொண்டாட்டம்.

"தூங்கிப் பொழுதை வீணாக்குவானேன்? வெளிச்சம் இருக்கும்வரை இலையை விரித்தே வைத்தால் இன்னும் உயரமாக வளரலாமே!" என்றது புங்கை.

மற்ற மரங்களும் தலையாட்டின. அதன்பிறகு ஒன்றும் இலையை மடிக்கவில்லை. பருவம் தப்பிப் பூத்தன. ஆனால் இரவில் பூவைத் தேடி வருகிற பூச்சிகள் விளக்கையே சுற்றிச் சுற்றிக் கருகி விழுந்தன. பூக்கள் காயாகாமல் உதிர்ந்தன. பனிக்காலம் வந்தது கூட மரங்களுக்குத் தெரியவில்லை. உதிர்க்க வேண்டிய பழைய இலைகளை அப்படியே சுமந்துகொண்டு நின்றன.

கடைத்தெரு முனையில், கிளைகளை அகலமாகப் பரப்பிக்கொண்டு ஒரு மரம் நின்றது. அதற்கு அப்போது பெயர் கிடையாது. அதன் கிளையிலும் ஒரு விளக்கு தொங்கியது. தன் இலை நுனிகள் தீய்ந்து வருவதையும் உடம்பெல்லாம் அசந்து போவதையும் அது உணர்ந்தது.

"நான் தூங்கப்போகிறேன்" என்றது.

சொல்வது எளிதாக இருந்தது. இலையை மடித்தால், விளக்கொளி பட்டு, விடிந்துவிட்டதென்று இலைகள் தாமாகவே விரிந்தன. மறுநாளும் அப்படித்தான். மரம் யோசித்தது. 'மேலே படுகிற வெளிச்சத்தை நம்பினால் நான் பிழைக்கமாட்டேன். எப்போது பகல், எப்போது இரவு என்று என் உடம்புக்கே தெரியும். இனி அது சொல்வதைத்தான் கேட்பேன்.' அன்றிலிருந்து அந்தி வந்தால் இலைகளை மடித்தது. விரியப் பார்த்தவற்றை இழுத்து இழுத்து மடித்தது. ஒரு மழைக்காலம் முழுவதும் இப்படிப் போராடிய பிறகுதான் முழுத் தூக்கம் கைகூடியது.

"அடே தூங்குமூஞ்சி!" என்று சிரித்தது புங்கை. கடைத்தெருவில் வெட்டியாகத் திரிந்தவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள்.

செய்தி செங்கோடன் காதுக்கு எட்டியது. மரம் வெட்டும் இருளப்பனைக் கூட்டிக்கொண்டு ஓர் அந்தியில் அவர் வந்தார்.

"நான் ஏற்றிய விளக்குக்கு முன்னாலேயே தூங்குகிறாயா? இலையைத் திற!"

"மாட்டேன்" என்றது மரம்.

"வெட்டிவிடுவேன்."

"வெட்டுங்கள். திறந்தே வைத்திருந்தாலும் சாகத்தான் போகிறேன். என்ன, கொஞ்சம் மெதுவாகச் சாவேன்."

இருளப்பன் கோடாரியை ஓங்கினான். அப்போது, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் ஓடிவந்து குறுக்கே நின்றாள். செத்துப்போன தம்பியின் மனைவி பேச்சி. அப்பன் போன பிறகு பிறந்த பிள்ளை அது.

"அத்தான், என் புருஷன் பேரைச் சொல்லித்தானே இத்தனை விளக்கும் ஏற்றினீர்கள்? அப்படியானால் நான் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். கத்தி பிடித்த கைதான் அவரைக் கொன்றது. இருட்டு என்ன பாவம் செய்தது?"

செங்கோடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேச்சி விடவில்லை.

"இந்த வெளிச்சத்தில் இந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரி கூட ஒழுங்காகத் தூங்கியதில்லை. அழுது அழுது தொண்டை கட்டிக் கிடக்கிறான். இந்த ஊரில் தூங்கத் தெரிந்தது இந்த மரம் ஒன்றுதான். இதையும் வெட்டப்போகிறீர்களா?"

தம்பி மகனின் சிவந்த கண்களை அவர் பார்த்தார். ஆனாலும் வீம்பு விடவில்லை.

"கோடைவரை பொறுக்கிறேன். அதுவரை இதன் கிளைக்குக் கிளை விளக்குத் தொங்கும். அப்போதும் பிடிவாதம் பிடித்தால் கோடாரிதான்."

சொன்னபடியே கிளைதோறும் விளக்கேற்றினார்கள். புகை மூட்டியது. சூட்டில் சில கொப்புகள் கருகின. மரம் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை. மடித்த இலைகளின் இடுக்கு வழியே பனி இறங்கி வேரை நனைத்தது. உடம்பு மெல்லத் தேறியது.

கத்திரி வெயில் வந்தது. ஓய்வே அறியாத மற்ற மரங்கள் தாங்கவில்லை. ஒரே வாரத்தில் மொட்டையாகிவிட்டன. புங்கை, காற்றே இல்லாத ஒரு நாளில், நடுவே பிளந்து சாய்ந்தது. வண்டி மாடுகள் தெருவில் சுருண்டு விழுந்தன. மூட்டை தூக்குகிறவர்களும் பிள்ளைக்காரிகளும் கடைத்தெரு முனைக்கு ஓடினார்கள். அங்கே ஒரு மரம்தான் பச்சையாக நின்றது.

ஒரு நடுப்பகலில் செங்கோடன் வந்தார். நிழலில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. கூடவே வந்த இருளப்பன் கோடாரியைக் கீழே போட்டான்.

"ஐயா, இதை வெட்டச் சொல்லாதீர்கள். என்னால் ஆகாது."

செங்கோடன் நிழலுக்குள் வந்து நின்றார். தலையில் எரிச்சல் அடங்கியது. "இத்தனை விளக்குக்கு நடுவில் எப்படித் தூங்கினாய்?" என்று கேட்டார்.

"பழகிக்கொண்டேன். நீங்களும் இருட்டுக்குப் பழகலாம்" என்றது மரம்.

அன்று பொழுது சாயும் முன், அவரே ஏணி போட்டு ஏறி, அந்த மரத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஊரிலுள்ள மற்ற விளக்குகளையும் இறக்கச் சொன்னார். தெருவுக்கு ஒரு காவல்காரனைப் போட்டார். இருட்டியபோது மரத்தடியில் உட்கார்ந்திருந்த அவர் தெருவையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். எழுந்து போய்விடலாமா என்று கூட இருந்தது. ஆனால் போகவில்லை. பக்கத்தில் பேச்சியின் மடியில் பிள்ளை சிணுங்காமல் தூங்கினான்.

மழை பெய்து மற்ற மரங்கள் மறுபடி துளிர்த்தன. ஆனால் இலை மடிக்கிற பழக்கம் அவற்றுக்கு மறந்துபோயிருந்தது. புளியும் வாகையும் வெட்கப்படாமல் தூங்குமூஞ்சியிடம் கேட்டுக் கற்றுக்கொண்டன. மற்றவை, "விளக்குதான் இல்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டன. செங்கோடன் காலத்துக்குப் பின்னால் வந்தவர்கள் மறுபடியும் விளக்கேற்றினார்கள்.

அன்று முதல்தான், தெருவிளக்குக்குப் பக்கத்தில் நிற்கிற, தூங்கக் கற்காத மரங்கள் அதைப் பகலென்று நம்பி, உதிர்க்க வேண்டிய இலையை உதிர்க்காமல் விழித்தே நிற்கின்றன. தூங்குமூஞ்சி மரமோ, தலைக்கு மேல் எத்தனை விளக்கு எரிந்தாலும், அந்தி சாய்ந்ததும் இலையை மடித்துக்கொண்டு தூங்கிவிடுகிறது.