கழுதை எழுதிய கஞ்சாச் சட்டம்

மூங்கில்காட்டு ஓடைக்கரையில் கஞ்சாச் செடிகள் மண்டிக் கிடந்தன. அதைத் தின்ற மான் ஒன்று சபை நடுவில் காரணமில்லாமல் சிரித்தது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறது என்று சிங்கராஜா நினைத்துக்கொண்டார். அன்றே கஞ்சாவுக்குத் தடை போட்டுவிட்டார்.

நரிக்கு யோகம் அடித்தது. ஒரு தேனடை கொடுத்தால் ஒரு பிடி இலை என்று புதருக்குப் பின்னால் விற்றது. அதிலும் பாதி, தொட்டாலே அரிக்கும் காஞ்சொறி இலை!

அந்தக் காட்டில் ஒரு பெண் கரடி இருந்தது. வேடன் வைத்த பொறியில் அதன் கால் எலும்பு நொறுங்கியிருந்தது. வலியில் இரை இறங்காது, தூக்கம் பிடிக்காது.

"ரெண்டு இலை மென்னா வலி அடங்குது ராஜா! அதுக்கு நரிகிட்டத் திருடி மாதிரிப் போய் நிக்கிறேன். தடையை எடுங்க!" என்று சபையில் அழுதது.

"ஐயோ, நம்ம காட்டுப் பண்பாடு என்னாகிறது!" என்று உடனே அலறியது யார் தெரியுமா? நரிதான்.

சிங்கராஜா பிடரியைச் சொறிந்தார். "தடையை எடுத்துடலாம். ஆனா கட்டுப்பாடு வேணும். விதியை யார் எழுதுறது?"

"நான்!" என்று ஒரு கழுதை முன்னால் போய் நின்றது. அந்தக் கழுதை அடியேன்தான். ஊரில் ஒரு வக்கீல் வீட்டுக் கொல்லையில் நான்கு வருஷம் பழைய சட்டக் காகிதம் தின்றவன். அந்தப் படிப்பு போதாதா?

"கரடியை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே," என்றது முயல்.

"இலை கேக்கிறவங்களையே கேட்டா நடுநிலை என்ன ஆகும்?" என்று அதன் வாயை அடைத்தேன்.

ஒரு வாரம் யோசித்து விதி எழுதினேன். ஏற்கெனவே போதையில் இருப்பவருக்கு இலை கிடையாது. ஆகவே, ஓடையின் குறுக்கே விழுந்து கிடக்கும் மரத்தின்மேல் நேராக நடந்து காட்ட வேண்டும். நடந்தால் இலை! தள்ளாடினால் ஒரு மாதம் தடை! சபை கைதட்டியது. நான் சந்தோஷத்தில் கத்தினேன். பலர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

முதலில் குரங்குகள் வந்தன. மரத்தின்மேல் குட்டிக்கரணமே போட்டன. தலைவலிகூட இல்லாத அந்தத் தடியன்கள் கைநிறைய இலையோடு போனார்கள்.

பிறகு கரடி நொண்டி நொண்டி வந்தது. இரண்டாவது அடியிலேயே தள்ளாடி ஓடையில் விழுந்தது.

"தள்ளாட்டம்! ஒரு மாதம் தடை!" என்று முழங்கினேன்.

கரடி சொட்டச் சொட்டக் கரையேறியது. "கழுதையாரே, நேரா நடக்க முடிஞ்சா நான் எதுக்கு இலை கேட்டு வர்றேன்?"

விதி விதிதானே என்று விறைப்பாக நின்றேன்.

வேறு வழியில்லாமல் கரடி நரியிடமே போனது. காஞ்சொறி தின்று அதன் நாக்கும் தொண்டையும் வீங்கிவிட்டன. மூச்சுக்குத் தவித்தது. நரியோ என் முதுகில் தட்டிக்கொடுத்தது. "தடை போனா என் பிழைப்பும் போச்சுன்னு பயந்தேன். உங்க விதி நூறு வருஷம் நல்லா இருக்கணும், கழுதையாரே!"

எனக்கு மானம் போயிற்று. நல்ல இலையாகப் பார்த்து வாய்நிறையக் கவ்விக்கொண்டு கரடியின் குகைக்கு ஓடினேன். சீக்கிரம் போகலாம் என்று அந்த மரத்தின்மேல் கால் வைத்தேன். தொபுக்கடீர்! ஓர் இலையைக்கூட மெல்லாத நானே ஓடைக்குள் கிடந்தேன்.

நனைந்த காதோடு குகை வாசலில் நின்றவனைக் கரடி ஏற இறங்கப் பார்த்தது. வீங்கிய தொண்டையால் கரகரத்தது: "உங்களுக்கும் ஒரு மாசம் தடையா?"

நாங்கள் இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அழுதேன். வீக்கம் வடிந்ததும் கரடியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அது சொல்லச் சொல்ல நான் விதியைத் திருத்தி எழுதினேன்.

யாருக்காகச் சட்டம் போடுகிறோமோ அவர்களைக் கேட்காமல் போட்டால், அந்தச் சட்டம் அவர்களையே வெளியே தள்ளிக் கதவடைக்கும்.